அசைக்கக் கூடாத பீப்பாய்

நிலவறையின் கடைசிப் படியில் கால் வைத்ததுமே குகதாசன் நின்றுவிட்டான்.

தரை ஈரம்.

கறுப்புக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. பப்பின் பழைய வாடிக்கைக்காரர் டெரிக்கை எரியூட்டிவிட்டு எல்லோருக்கும் முந்தி வந்திருந்தான். மற்றவர்கள் பின்னால் கார்களில் வந்துகொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் மேலே பப் நிறைந்துவிடும். வருகிற எல்லோருக்கும் ஒரு கிளாஸ், டெரிக்குக்குப் பிடித்த பியர். சாகக் கிடந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டது அது ஒன்றைத்தான்.

குகதாசன் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தான்.

டின்னில் அடைத்து வருகிற பியர் இல்லை அது. பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு கிடந்து பக்குவப்படுவது. கிடத்திய இடத்திலேயே கிடக்க வேண்டும். குளிர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேலே செருகிய மரமுளை வழியாக மெல்ல மூச்சு விட வேண்டும். அப்போதுதான் வண்டல் அடியில் படியும். ஒரு ஆட்டு ஆட்டினால் போச்சு.

இந்தக் கிழமை முழுவதும் அதன் பக்கத்தில் அவன் தும்மக்கூட இல்லை. காலையில் ஒரு வாய் பிடித்துப் பார்த்தான். தேன் நிறம். கிளாஸுக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் இந்தப் பக்கம் தெரிந்தது.

மனைவி வசந்தராணி மூலையில் நின்றாள். கையில் துடைப்பம். சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன.

"சுடலையாலை சனம் வர முந்திக் கழுவிப்போட்டன்," என்றாள். "உந்தப் பீப்பாய்க்கு முண்டு குடுத்த கட்டையளையும் எடுத்து, உருட்டி, அடியெல்லாம் தேய்ச்சனான். எவ்வளவு ஊத்தையப்பா."

பிணம் போன வீட்டை, போனவர்கள் திரும்புமுன் கழுவிவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். யோர்க்‌ஷயரில் ஒரு வெள்ளைக்காரருக்காக அவள் அதைச் செய்திருக்கிறாள். கூடப்பிறந்த அண்ணனுக்குச் செய்வதுபோல.

நாசமாய்ப் போக என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவள் கண்கள் வீங்கியிருந்தன. அழுதபடியே கழுவியிருக்கிறாள்.

அவன் பீப்பாய்ப் பக்கம் திரும்பினான்.

குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தான். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். மாரிகாலத்து வாய்க்கால் தண்ணீர் தோற்றது போங்கள். இனி நாளைக்குத்தான் தெளியும்.

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

இந்தப் பப்பை அவன் எடுத்தபோது பாதிச் சனம் அடுத்த தெருப் பப்புக்குப் போய்விட்டது. இவனுக்குப் பியரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். டெரிக் மட்டும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இன்றைக்கு அத்தனை பேரும் வருகிறார்கள். இன்றைக்கென்று பார்த்து இப்படி.

டின்னை உடைத்து ஊற்றிச் சமாளிக்கலாம். இதையே ஊற்றினாலும் அழுத கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது.

அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

ஏறிப் போனான். டெரிக்கின் மனைவி ஜோன் முன்மேசையில் இருந்தாள். கலங்கிய கிளாஸை அவள் முன்னால் வைத்தான்.

"நான் பீப்பாயை அசைத்துவிட்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். "இன்றைக்கு இது குடிக்கிற நிலையில் இல்லை. மன்னியுங்கள்."

வசந்தராணி பின்னால் ஏறி வந்து நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவு ஆங்கிலம் அவளுக்கும் விளங்கும்.

ஜோன் கிளாஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால், நனைந்த கைகளோடு நிற்கிறவளை வெகுநேரம் பார்த்தாள்.

கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கு எல்லோரும் வருகிறோம்," என்றாள். "டெரிக்குக்கு இனி ஒரு அவசரமும் இல்லை."

யாரோ தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

வசந்தராணி கேத்தில் வைக்கப் போனாள். போகிற போக்கில் அவன் முதுகில் ஒருமுறை கை வைத்தாள். கோட்டையும் தாண்டி ஈரம் பட்டது.