நூற்றுப் பத்து

"விட்டுடுங்க மாப்பிள்ளை, அவர் நெஞ்சு நல்லாத்தான் துடிக்குது. நூத்திப் பத்து காட்டுது பாருங்க." தரையில் உட்கார்ந்திருந்த மாமியார், கணவரின் மணிக்கட்டைத் தூக்கி வாட்சைக் காட்டினார்.

மாப்பிள்ளை பார்க்கவில்லை. நடுக்கூடத்தில் மாமனாரின் மார்பில் இரு கைகளையும் ஊன்றி, தீராப் பகையைத் தீர்த்துக்கொள்பவர்போல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

பகை இல்லாமலும் இல்லை. சற்று முன்புதான், டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே மாமனார் வாட்சைப் பார்த்து, எழுநூறு கலோரி எரித்துவிட்டதாகவும் இன்னொரு துண்டு கேக் தனக்கு நியாயமாகச் சேரவேண்டியது என்றும் அறிவித்தார். "வேகமா ஓடுறப்ப அது காட்டுறதை நம்பாதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. வேலை போய் மாமனார் வீட்டில் சாப்பிடுகிறவர் சொல்லக்கூடிய வாக்கியமா அது?

மாமனார் வீம்புக்கு வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் தரையில் கிடந்தார்.

"எலும்பு முறியிற சத்தம் கேட்டுச்சும்மா" என்றான் மைத்துனன். ஆம்புலன்ஸுக்குச் சொன்ன போன் இன்னும் அவன் கையில் இருந்தது. "உயிரோட இருக்கிறவரைக் கொல்லப் பாக்குறீங்களா அத்தான்? கையை எடுங்க."

மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை. பழைய கம்பெனியில் முதலுதவி வகுப்பு நடந்தபோது, மதியச் சாப்பாடு இலவசம் என்பதால் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இப்போது அவரிடம் இருந்த மொத்தத் தகுதி அதுதான்.

மைத்துனன் அவரைத் தோளோடு பிடித்து இழுத்துத் தள்ளினான். வாட்சில் எண் மறைந்து வெறும் கோடுகள் நின்றன.

"ஐயோ, பட்டை நழுவிடுச்சு." மாமியார் பட்டையை இறுக்கினார். அதற்குள் மாப்பிள்ளை தவழ்ந்து வந்து மறுபடி அமுக்க ஆரம்பித்திருந்தார். எண் திரும்பி வந்தது. நூற்றுப் பத்து.

"இறுக்கினதும் வந்துடுச்சு பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன் மாப்பிள்ளை, என் தாலியறுக்காதீங்க" என்று மாமியார் அழுதார். மைத்துனன் முதுகில் குத்தினான். குத்துகளை வாங்கிக்கொண்டே மாப்பிள்ளை அமுக்கினார். வியர்வையும் கண்ணீரும் மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டின.

ஆம்புலன்ஸ் நர்ஸ் வந்தார். மாமனாரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தவர், சட்டையை வெட்டி, தன் பெட்டியிலிருந்து வந்த ஒயர்களை மார்பில் ஒட்டினார். எல்லோரையும் விலகச் சொன்னார். மாமனாரின் உடல் ஒருமுறை துள்ளி அடங்கியது. பெட்டியின் திரையில் ஒரு கோடு மெல்ல மேடுபள்ளமாக ஓடத் தொடங்கியது.

"இவர் மேல புகார் குடுக்கணும் சிஸ்டர்" என்றான் மைத்துனன். "விலாவை உடைச்சுட்டார்."

"முதல்லேர்ந்தே நல்லாத்தான் துடிச்சுது" என்றார் மாமியார். "நான் வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மாறாம நூத்திப் பத்து. நடுவுல இவரை இழுத்துவிட்டப்பதான் கொஞ்சம் நின்னுச்சு."

நர்ஸ் வாட்சைப் பார்த்தார். பிறகு, மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வீங்கிய உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அது எண்ணினது இவர் கையைம்மா."