மாமியாரின் எச்சில் பணிக்கம்

"எங்கம்மா மோட்சத்துல இருக்காங்க அண்ணி!"

"அங்க வெத்தலை துப்ப எடமில்லைன்னு இங்க வாராங்களாக்கும்? இனி நீயே கழுவு!" இசபெல்லா, நாத்தனார் பிலோமினாவிடம் எச்சில் பணிக்கத்தை நீட்டினாள். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் அன்று யாருக்கும் அடுப்பு வேலை ஓடவில்லை.

மாமியாரைப் புதைத்து மூன்று மாதமாகியும், விடிந்தால் பணிக்கத்தில் சிவப்பு எச்சில் சுடச்சுட நூலிழுத்தது. வீட்டில் வேறு யாரும் வெற்றிலை போடுவதில்லை. ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மோட்சத்துக்குக் கரையேறட்டுமென்று பூசை வைத்தார்கள். மறுநாள் பணிக்கம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கழுவிக் கழுவி இசபெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிலோமினா கல்யாணமாகிக் கரூர் போனாள். இசபெல்லா பணிக்கத்தை மாமியார் கல்லறைமேல் கவிழ்த்துவிட்டு, புருஷனோடு சங்ககிரிக்குக் குடிபோனாள். அங்கே முதல் நாள் காலை, இன்னும் காப்பி ஊற்றாத டம்ளர் அவள் கையைச் சுட்டது.