கோடு விழாத இடம்

காட்டுத்தீயில் ஹார்லனும் மனைவி டோரினும் வீட்டையும் மகள் ஐரீனையும் பறிகொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் ஆரெகன் மலையில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள்; பனி கொட்டுவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். கருகி நின்ற மரங்களைச் சாய்த்து, சக்கரம் வைத்த மரம் அறுக்கும் மெஷினில் பலகைகளாக அறுத்தார்கள்.

முன்பெல்லாம் ஐரீன்தான் மரத்தில் கைவைத்து, ரம்பம் எங்கே இறங்கும் என்று பார்த்துச் சொல்வாள். புகையில் ஹார்லனுக்குப் பார்வை மங்கிவிட்டதால், ரம்பம் இறங்கும் இடத்தில் கோடு காட்டும் லேசர் விளக்கு ஒன்றை வாங்கி மெஷினில் பொருத்தினார்.

அன்று மத்தியானம் அதைப் போட்டதும் மரத்தின் நீளத்துக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் விழவில்லை.

"லேசர்ல தூசி இருக்கும், துடைச்சிட்டுப் பாரு கிழவா," என்றாள் டோரின்.

துடைத்தார். வேறு மரத்தை ஏற்றினார்கள். அதிலும் அதே இடைவெளி. அதற்குள் மூன்று சிவப்புப் புள்ளிகள், விரல்களின் நடுவே வெளிச்சம் கசிவதுபோல்.

டோரின் வெகுநேரம் பார்த்தாள். "ஐரீன், கண்ணு, ரம்பம் ஓடப்போகுதுடி. கைய..."

ஹார்லன் அவள் வாயைப் பொத்தினார். "சொல்லாத. சொன்னா கைய எடுத்துடுவா."

"கூடாரம் இன்னும் ஒரு வாரம் தாங்காது, ஹார்லன். குளிர்ல எனக்கு மூச்சே வரல."

"தெரியும்."

அவர் மெஷினை ஓட்டவில்லை.

மறுநாள் காலை கூடாரம் பனியில் சரிந்து கிடந்தது. அதை நிமிர்த்த யாரும் போகவில்லை. ஹார்லன் லேசருக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். டோரின் மரத்தில் கோடு விழாத இடத்தின்மேல் குடை பிடித்து நின்றாள்.