குசினிச் சுவரில் ஒரு தொலைபேசி

காற்றில் அறுந்த தொலைபேசிக் கம்பியை இழுத்துக் கட்டிய நாளிலிருந்து, அப்புத்தளை சரோஜாதேவி டீச்சர் வீட்டு இன்டர்நெட் நத்தையாக ஊர்ந்தது. கம்ப்யூட்டரில் லண்டன் மகளின் முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிடும்.

கம்பி கட்டிய நிமலனே மறுபடி வந்தான். ஹால் ஃபோனைக் கழற்றிவிட்டு, தன் கருவியை லைனில் மாட்டிக் கேட்டான்.

"வீட்ல இன்னொரு ஃபோனை யாரோ எடுத்துக் காதுல வச்சிருக்காங்க டீச்சர். அதாங்க ஸ்பீட் வரல."

"வேற ஃபோன் இல்லையே, தம்பி."

அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அது சமையல் நடக்கும் குசினியின் சுவரில் போய் முடிந்தது. அங்கே முன்பு ஒரு ஃபோன் இருந்தது. வேலைக்காரர்கள் எண் சுழற்றாதபடி டீச்சர் அதற்குச் சின்னப் பூட்டுப் போட்டிருந்தார். தன் மகன் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த இராக்கம்மா ஒரேயொரு கோல் எடுக்கக் கேட்டாள்.

"சட்டி பானையைக் கழுவி முடி, பாப்பம்" என்றார் டீச்சர்.

பின்னேரம் அவர் பூட்டைத் திறந்துவிட்டபோது, ஆஸ்பத்திரியில் எடுத்தவர் பையன் போய்விட்டான் என்றார். அடுத்த மழைக்காலத்தில் இராக்கம்மாவும் போய்ச் சேர்ந்தாள். டீச்சர் அந்த ஃபோனைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார்.

"நீங்களே கேளுங்க" என்று நிமலன் கருவியை நீட்டினான்.

டீச்சர் வாங்கிக் காதில் வைத்தார். தூரத்தில் எங்கோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இந்தப் பக்கம், மிக அருகில், ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய ஈர வளையல்கள் மெல்ல உரசின.

"இந்தக் கம்பிய வெட்டி விட்டுடவாங்க?"

டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் தம்பி. அவள் கதைச்சு முடிக்கட்டும்."