மூணாவது வாரம்

மாமனார் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை முதலில் பார்த்தவள் என் நாலு வயது மகள். பார்த்ததோடு விட்டாளா? காலையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் போட்டு உடைத்தாள்.

"தாத்தா ஊசி போட்டிருக்காங்க. அழவே இல்லையாம்."

என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்ன ஊசி, எதுக்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான்பா" என்று மாமா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வேறு வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் தலையில் இடி விழுந்த மாதிரி.

மாமா மிஷன் ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பார்த்தவர். இருபத்தெட்டு வருஷத்தில் ஆறு நாடு. எங்கே அனுப்பினாலும் அத்தையும் கூடவே போய்விடுவார். என் வீட்டுக்காரர் ஏழு வயதிலிருந்து பள்ளி விடுதியில். லீவில் வரும் அப்பாவின் கையில் என்றைக்குப் பிளாஸ்திரி ஏறுகிறதோ, அன்றையிலிருந்து மூணாவது வாரம் விமானம். புது நாடு என்றால் புது ஊசி. மற்ற பிள்ளைகள் லீவு நாளை எண்ணினால், இவர் இதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்.

அத்தை கடைசியாக இருந்த நாட்டிலேயே தவறிப்போய், அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். போன வருஷம்தான் மாமா ஒரே ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். மகள் பிறந்தபோது அவளைப் போனில் மட்டுமே பார்த்த மனுஷர், வந்த நாளிலிருந்து அவளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது, கூட்டிவருவது எல்லாம் அவர்தான்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஜெபம் பண்ணுவார் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருவதற்கு நன்றி, சுவிட்சைப் போட்டால் லைட் எரிவதற்கு நன்றி, மருமகள் முகம் சுளிக்காமல் இருப்பதற்கு நன்றி. ஆமென் சொல்வதற்குள் குழம்பு ஆறிப்போகும், மருமகளும் கொஞ்சம் முகம் சுளித்திருப்பாள்.

அப்படிப்பட்டவர் மறுபடி கிளம்பப் போகிறாரா? நான் வேறு அப்போது ரெண்டாவது பிள்ளைக்கு நிறைமாசம். முந்தின வாரம் செக்கப்புக்கு அவர்தான் துணைக்கு வந்தார். நான் உள்ளே இருந்த அரைமணி நேரமும் வராந்தாவில் நின்று சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கறை அதற்குள் எங்கே போச்சு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போதாக்குறைக்கு, பரண்மேல் கிடந்த பெட்டியை வேறு இறக்கி எதையோ குடைந்துகொண்டிருந்தார்.

இவர் அன்றைக்கே ஒரு காரியம் செய்தார். பிள்ளையைக் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த தாளில், மாமா பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தார்.

"நேரா அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்" என்றேன்.

"கேட்டா, போறேன்னுதான் சொல்வார். ஏழு வயசுல கேட்டதே எனக்குப் போதும். இவளாவது ரொம்ப ஒட்டாம இருக்கட்டும்."

மாமா காரணம் கேட்கவில்லை. பள்ளிக்கூட நேரம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போவார். கொஞ்ச நேரம் நிற்பார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிடுவார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மூணாவது வாரம் வந்தது. விமானம் வரவில்லை, டாக்டர் சொன்ன தேதிக்கு அஞ்சு நாள் முன்னாலேயே என் மகன் வந்துவிட்டான்.

காலையில் வார்டுக்குள் மாமாவும் இவருமாக நுழைந்தார்கள். இவர் ஆசையோடு கையை நீட்ட, நர்ஸ் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஊசி போட்ட சீட்டு?"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கக்குவான் இருமல் ஊசி சார். பச்சைப் பிள்ளையைத் தூக்குறவங்க ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுக்கணும்னு வராந்தாவுல இம்மாம் பெரிய எழுத்துல ஒட்டியிருக்கோம். ஒருத்தரும் படிக்கிறதில்ல."

இவர் திருதிருவென்று முழித்தார். பின்னால் நின்ற மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் புத்தகத்தை எடுத்து மெல்ல நீட்டினார். வெளிநாடு போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஊசிப் புத்தகம், ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"நான் போட்டிருக்கேன்மா. பெத்தவங்க சரின்னா ஒரு நிமிஷம் தூக்கிக்கிறேன்."

நர்ஸ் பிள்ளையை அவர் கையில் கொடுத்தார். பெற்ற அப்பா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மாமா கண்ணை மூடி நன்றி சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை குழாய்த் தண்ணீரை எல்லாம் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் இவர்.

"உன்னையே தூக்கி வளர்க்காதவன். உன் பிள்ளையைத் தூக்கணும்னு எந்த வாயால கேட்பேன்?"

இவர் நர்ஸ் கையிலிருந்த அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு தேதி. அது எந்த நாட்டுக்குப் போகப் போட்டது என்று பக்கத்திலேயே மாமாவின் கையெழுத்தில் குறிப்பு. எல்லாம் இவர் விடுதியில் விரல்விட்டு எண்ணிய தேதிகள். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

மூணு வாரத்துக்கு முந்தைய தேதி. நாட்டின் பெயர் எழுதும் இடத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே காலியாகக் கிடந்த வரிகளை எல்லாம் ஒன்று விடாமல் கோடு போட்டு அடித்திருந்தார்.