காலி நாற்காலி

நார்வேயின் பெர்கன் நகரில் ராக்ன்ஹில்ட் உருவாக்கிய மேசை விளையாட்டு நாளை அச்சுக்குப் போகவேண்டும். நான்கு பேர் முழுமூச்சாக அடித்தால்தான் சாகவேண்டிய பனிப்பூதம், நண்பர்கள் நால்வர் ஆடிய இன்றைய சோதனை ஆட்டத்திலும் பாதியிலேயே செத்தது. அது அடி தாங்கும் அளவான உயிர்ப்புள்ளிகளை எவ்வளவு ஏற்றினாலும் இதே கதைதான்.

"எவன்டா ஏமாத்துறது?" என்று சீறினாள் ராக்ன்ஹில்ட்.

"கூட்டிப் பாரு தாயே! நாங்க நாலு பேரும் பாதிதான் அடிச்சிருக்கோம்," என்றான் எய்விண்ட். "மீதிய அந்தக் காலி நாற்காலியக் கேளு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பூதம் இப்ப அங்க இருக்கறவனத்தான் அடிக்குது!" என்று பகடையை வீசினாள். ஆறு விழுந்தது. யாரும் தொடாமலே நாற்காலி மல்லாந்து சாய்ந்தது.

அடுத்த ஆட்டத்தில் கணக்கு கச்சிதமாக வந்தது.

கிளம்பும்போது எய்விண்ட் நாற்காலியை நிமிர்த்தப் போனான். ஒற்றை ஆளால் தூக்க முடியவில்லை.