விடுபட்ட பெயர்

கோச்சபம்பா நகரத்து மலைச்சரிவில் தண்ணீர்ச் சங்கக் கூட்டம். செயலாளர் எட்கர் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்ததும் திரையில் பத்துப் பெயர்கள் தெரிந்தன. கசிமிராவின் பெயர் இல்லை. அவள் விருட்டென்று எழுந்தாள்.

"எட்கர், என் பேர் எங்கே?"

"பொறுங்கக்கா, படத்தோட ஓரமெல்லாம் வெட்டுப்படுது. சரி பண்ணிடறேன்" என்று அவன் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே சொன்னான்.

"டிவி மேல பழி போடாதே! சாட்டுர்னினா பேரு மட்டும் நல்லாத் தெரியுதே? புதுத் தொட்டித் தண்ணி முதல்ல அவளுக்கா?"

"அக்கா, உங்க பேரு இதுல வராது..."

"ஏன் வராது? பள்ளம் தோண்ட மட்டும் கசிமிரா வேணுமா? சாட்டுர்னினா வீட்டுக்கு எப்படித் தண்ணி வருதோ, அப்படியேதான் என் வீட்டுக்கும் வருது. ரெண்டு வீட்டுக்கும் குழாய் போட்டதே என் புருஷன்தான்!"

பக்கத்திலிருந்த சாட்டுர்னினா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கசிமிரா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எழுதுடா! எழுதாம நான் உட்கார மாட்டேன்."

எட்கர் பெருமூச்சு விட்டு, பதினோராவதாக அவள் பெயரைச் சேர்த்தான். கசிமிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் மறுபடி ரிமோட்டை எடுத்துத் தேடியதில் 'முழுப்படம்' என்ற அமைப்பு சிக்கியது. படம் சற்றுச் சுருங்க, மறைந்திருந்த ஓரங்கள் திரைக்குள் வந்தன. மேலே இருந்த தலைப்பை முதலில் படித்த கசிமிராவின் புருஷன், சத்தமில்லாமல் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

'பொதுக்குழாயில் திருட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள்.'